கோஷே நோயில் எந்த அளவை நம்புவது: நொதியா, மரபணுவா, லிப்பிடா?

மண்ணீரல் வீங்கியிருக்கிறது, தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, எலும்பில் வலி இருக்கிறது. இரத்தப் புற்றுநோய் இல்லை என்றும் உறுதியாகிவிட்டது. இந்தக் கட்டத்தில் மருத்துவர் கோஷே நோயை, அதாவது லிப்பிட் எனப்படும் கொழுப்புப் பொருள் ஒன்று உறுப்புகளில் தேங்கும் பரம்பரை நோயைச் சந்தேகித்தால், அடுத்து எந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவிடுவது என்ற கேள்வி உடனே எழுகிறது. நொதியின் செயல்பாட்டை அளக்கலாம். மரபணுவின் வரிசையைப் படிக்கலாம். இரத்தத்தில் கைட்டோட்ரையோசிடேஸ் என்னும் வேறொரு நொதியைப் பார்க்கலாம். உடலில் தேங்கும் லிப்பிடையே நேரடியாக அளக்கலாம். சில ஆய்வகங்கள் இவை எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக எழுதிக் கொடுத்துவிடுகின்றன. எந்த முடிவு எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பது அந்தத் தொகுப்பில் தெரிவதில்லை.

இந்த ஒப்பீட்டுக்கு நெதர்லாந்தைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் ஆர்ட்ஸின் ஆய்வுகளை அடிப்படையாகக் கொள்கிறேன். முதலில் ஆம்ஸ்டர்டாமிலும் பிறகு லைடன் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய அவருடைய குழு, மேலே சொன்ன தெரிவுகளில் மூன்றை உருவாக்கியதிலோ செம்மைப்படுத்தியதிலோ நேரடியாகப் பங்கெடுத்தது. 1994இல் தானே முன்வைத்த ஒரு குறியீட்டின் குறைகளைப் பின்வந்த ஆண்டுகளில் தானே வெளிக்கொணர்ந்து, அதற்கு மாற்றையும் தேடிய குழு என்பதால், ஒப்பீட்டுக்கு வேண்டிய செய்திகள் அவர்களுடைய கட்டுரைகளிலேயே பெருமளவு கிடைக்கின்றன.

நோயைப் பற்றிச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1882இல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவ மாணவர், இறந்த ஒரு நோயாளியின் பெருத்த மண்ணீரலில் வழக்கத்துக்கு மாறான பெரிய செல்களைக் கண்டு எழுதினார். அவர் அதை ஒரு கட்டி என்றே நினைத்தார். அச்செல்களில் நிறைந்திருப்பது குளுக்கோசெரிப்ரோசைடு, அதாவது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இணைந்த செராமைடு என்ற லிப்பிட் என்பது 1934இல் தெரிந்தது. அது ஏன் தேங்குகிறது என்பதை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ராஸ்கோ பிரேடியின் குழு 1965இல் காட்டியது: கதிரியக்கக் கரிமம் பொருத்திய குளுக்கோசெரிப்ரோசைடை நோயாளிகளின் மண்ணீரல் திசுவுடன் சேர்த்தபோது அது பிளவுபடவில்லை. அதைப் பிளக்க வேண்டிய குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதி குறைந்திருந்தது. இந்நொதி இயங்கும் இடம் லைசோசோம், அதாவது செல்லின் கழிவுகளைச் செரிக்கும் நுண்ணுறுப்பு. கிறிஸ்டியான் டி டூவே அந்த நுண்ணுறுப்பை விவரித்தது 1955இல். அதில் ஒரு நொதி இல்லாமற்போனால் நோய் வரும் என்ற கருத்தை போம்பே (Pompe) என்ற தேக்க நோயை வைத்து ஹெர்ஸ் என்ற ஆய்வாளர் நிறுவியது 1963இல். கோஷே போன்ற லைசோசோம் தேக்க நோய்கள் இன்று 70 அளவில் அறியப்பட்டுள்ளன.

ஆக, நோயின் வழியில் மூன்று கண்ணிகள் உள்ளன. மரபணு பழுதாகிறது, அதனால் நொதி குறைகிறது, அதனால் லிப்பிட் தேங்குகிறது. பரிசோதனைகள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத் தொடுகின்றன; கைட்டோட்ரையோசிடேஸ் போன்றவை லிப்பிட் தேங்கிய செல் வெளிவிடும் பொருளை, அதாவது நான்காவதான ஒரு விளைவைத் தொடுகின்றன. ஒரு கண்ணியைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போதுதான் தவறுகள் நேர்கின்றன.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையை முதலில் ஒதுக்கிவிடலாம். கசங்கிய காகிதம் போன்ற சைட்டோபிளாசம் கொண்ட கோஷே செல்களை மஜ்ஜையில் காணலாம் என்பது உண்மை. ஆனால் நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயிலும் தலசீமியாவிலும் ஏறக்குறைய அதே தோற்றமுள்ள போலிக் கோஷே செல்கள் வரும். பல நோயாளிகளுக்கு இந்த நோய் மஜ்ஜையில் தற்செயலாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. வேறு காரணத்துக்காக எடுத்த மாதிரியில் தென்பட்டால் நல்லது. கோஷே நோயை உறுதிப்படுத்துவதற்காகவே ஒருவருடைய இடுப்பெலும்பில் ஊசி ஏற்றுவதற்கு இன்று காரணம் இல்லை.

நொதி அளவீடுதான் நோயறிதலின் அடித்தளம், இன்றும். இரத்தத்தின் வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் சாற்றை 4-மெத்தில்அம்பெல்லிஃபெரில் குளுக்கோசைடு என்ற செயற்கை வினைபடுபொருளுடன் சேர்த்து, அமிலத் தன்மையுள்ள கரைசலில் 37 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். நொதி இருந்தால் குளுக்கோஸ் கழன்று, மெத்தில்அம்பெல்லிஃபெரோன் விடுபடும். பிறகு காரக் கரைசலைச் சேர்த்ததும் வினை நின்றுவிடும். விடுபட்ட பொருள் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். அந்த ஒளிர்வை அளக்கும் கருவி விலை உயர்ந்ததல்ல. மாவட்ட அளவிலான ஒரு கல்லூரி ஆய்வகம் கூட வாங்கிப் பராமரிக்கக் கூடியது. கோஷே நோயாளிகளிடம் இந்தச் செயல்பாடு பொதுவாக இயல்பானவர்களின் சராசரியில் 15 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்.

இதன் பலவீனங்கள் மூன்று. அவற்றில் முதலாவது நம் நாட்டின் தட்பவெப்பத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. நொதி ஒரு புரதம். மாதிரி ஓரிரு நாளில் ஆய்வகத்தை அடையாவிட்டாலும், கோடை வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்தாலும் அது செயலிழக்கும். அப்போது நோயில்லாதவருக்கும் குறைந்த அளவு வரும். ஆகவே அறிக்கையைப் படிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அதே மாதிரியில் வேறொரு லைசோசோம் நொதியும் அளக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். பீட்டா-கேலக்டோசிடேஸ் இயல்பாக இருந்து குளுக்கோசெரிப்ரோசிடேஸ் மட்டும் குறைந்திருந்தால் முடிவை நம்பலாம். இரண்டும் குறைந்திருந்தால் கெட்டுப்போனது மாதிரிதான். இந்த ஒப்பு நொதி இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்திடம் வாழ்நாள் நோய் என்று சொல்வது சரியாகாது.

இரண்டாவது, நொதியின் அளவு நோயின் கடுமையைச் சொல்வதில்லை. 8 விழுக்காடு உள்ளவர் நடுத்தர வயது வரை தொல்லையின்றி இருக்கலாம். அதே 8 விழுக்காடு உள்ள குழந்தைக்கு மண்ணீரல் இடுப்பு வரை இறங்கியிருக்கலாம். நோய்க் கடத்திகளின், அதாவது பழுதான மரபணுவை ஒரு பிரதியில் மட்டும் சுமந்து நோயின்றி இருப்பவர்களின் அளவும் இயல்பானவர்களின் அளவும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், பெற்றோர், உடன்பிறந்தோரில் யார் கடத்தி என்று நொதியை வைத்துப் பிரித்தறியவும் முடியாது. சிகிச்சையைப் பின்தொடரவும் இது உதவாது. வெளியிலிருந்து நொதியைச் செலுத்தும்போது வெள்ளையணுவில் அளக்கும் எண், மண்ணீரலில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டாது.

மூன்றாவது அரிதானது, ஆனாலும் எனக்கு இதுதான் சுவையானது. உடலுக்குள் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் தனியாக வேலை செய்வதில்லை. சவ்வில் புதைந்திருக்கும் லிப்பிடை நொதிக்கு எட்டச் செய்ய சாபோசின் சி என்ற சிறு புரதம் வேண்டும். அந்தப் புரதம் இல்லாமற்போனால் கோஷே நோய் அப்படியே வரும். ஆனால் சோதனைக்குழாயில் நாம் தருவது நீரில் கரையும் செயற்கைப் பொருள். நொதியைத் தூண்டப் பித்த உப்பையும் சேர்க்கிறோம். அங்கே சாபோசின் தேவைப்படாததால் நொதி இயல்பாக இருப்பதாகவே அறிக்கை வரும். நோயாளியிடம் லிப்பிடோ தேங்கிக்கொண்டே இருக்கும். லிப்பிடை அளப்பவரிடம் இந்த நோயாளி பிடிபடுவார்.

இனி மரபணு. ஜிபிஏ1 என்ற இந்த மரபணு முதலாம் குரோமோசோமில் உள்ளது. அதன் அருகிலேயே, ஏறத்தாழ 16 ஆயிரம் காரக்கூறுகள் (டி.என்.ஏ. வரிசையின் எழுத்துகள்) தள்ளி, 96 விழுக்காடு ஒத்த வரிசையுள்ள, ஆனால் செயலற்ற ஒரு போலி மரபணு இருக்கிறது. இன்று பரவலாகிவிட்ட அடுத்த தலைமுறை வரிசைமுறையில் டி.என்.ஏ. சிறு துண்டுகளாகப் படிக்கப்படுகிறது. ஒரு துண்டு உண்மையான மரபணுவிலிருந்து வந்ததா, போலியிலிருந்து வந்ததா என்று கணினி குழம்புகிறது. இரண்டு மரபணுக்களும் கலந்து உருவான கலப்பு மரபணுக்களும் நோயாளிகளிடம் உண்டு. எல்444பி என்ற மாற்றம் மட்டும் இருப்பதாக எழுதப்பட்ட அறிக்கையில் உண்மையில் அந்த மாற்றத்தோடு வேறு சில மாற்றங்களும் ஒருசேர வந்த கலப்பு மரபணு ஒளிந்திருக்கலாம். போலியை விலக்கி, உண்மையான மரபணுவை மட்டும் நீண்ட துண்டாகப் பெருக்கிப் படித்தார்களா என்பதை ஆய்வகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறைகள் இருந்தாலும், மரபணு மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்விகள் இரண்டு உள்ளன. ஒன்று, நோய் மூளையைத் தொடுமா என்பது. என்370எஸ் என்ற மாற்றம் ஒரு பிரதியிலாவது இருந்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும் வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. இது அஷ்கனாசி யூதர்களிடம் மிகுதி. இரண்டு பிரதிகளிலும் எல்444பி இருந்தால் நரம்பு சார்ந்த மூன்றாம் வகையை எதிர்பார்த்துக் கண் அசைவுகள் உள்ளிட்டவற்றைக் கவனித்துவர வேண்டும். இந்திய நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது இந்த எல்444பி தான். மேற்கத்திய நூல்களில் மரபணுப் பரிசோதனை உறுதிப்படுத்தும் துணையாகச் சொல்லப்பட்டாலும், நம்மிடம் அதன் எடை கூடுவதற்கு இதுவே காரணம். 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, மூளையைத் தொடாத முதலாம் வகைக் கோஷே நோயையும், குறிப்பிடத்தக்க நரம்புப் பாதிப்பு இல்லாத மூன்றாம் வகையையும் மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. அதாவது சிகிச்சை உண்டு, ஆனால் செலவு மிக அதிகம், வாழ்நாள் முழுவதும் தேவை, நோயாளித் தேர்வு கடினம் என்ற பிரிவில். எந்த வகை என்பது மருத்துவக் கேள்வியோடு நிதிக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. மற்றொன்று, கடத்திகளைக் கண்டறிவதும் அடுத்த கருவுறுதல் பற்றிய ஆலோசனையும். இதை வேறு எந்தப் பரிசோதனையும் தராது.

மரபணு சொல்லாதது, இப்போது நோய் எவ்வளவு என்பது. ஒரே மரபணு மாற்றமுள்ள சகோதரர்களிடமும் நோய் வேறுவேறு அளவில் இருக்கும். பொருள் தெரியாத மாற்றம் என்று அறிக்கை வந்தால் குடும்பம் மேலும் குழம்பும். அப்போது நொதிக்கும் லிப்பிடுக்கும்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

1994இல் ஆர்ட்ஸின் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு, நோயின் அளவை எண்ணாக்க ஒரு வழியைத் திறந்தது. லிப்பிட் நிறைந்த கோஷே செல்கள் கைட்டோட்ரையோசிடேஸ் என்ற நொதியைப் பெருமளவில் சுரக்கின்றன. அறிகுறியுள்ள முதலாம் வகை நோயாளிகளின் பிளாஸ்மாவில் அது இயல்பைவிடச் சராசரியாக 600 மடங்குக்கும் மேல் இருந்தது. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வேறுபாடு காட்டும் இரத்தக் குறியீடுகள் குறைவு. அளக்கும் முறையும் எளிது: முன்பு சொன்ன அதே நீல ஒளிர்வு, அதே கருவி. சிகிச்சை தொடங்கியதும் எண் இறங்குகிறது. மருந்தை நிறுத்தினால் ஏறுகிறது. மலிவு, எளிமை, பெரிய வேறுபாடு என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததால் உலகெங்கும் கோஷே மையங்கள் இதை ஏற்றுக்கொண்டன.

சிக்கல் அந்த நொதியின் மரபணுவிலேயே இருந்தது. 24 காரக்கூறுகள் இரட்டித்த ஒரு திரிபு பரவலாக உள்ளது. அது இரு பிரதிகளிலும் இருந்தால் கைட்டோட்ரையோசிடேஸ் அறவே உருவாகாது. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் இப்படிப்பட்டவர்கள். கிழக்கு ஆசியாவில் விகிதம் இன்னும் அதிகம். அவர்களுக்குக் கோஷே நோய் முற்றியிருந்தாலும் அளவு பூஜ்யம் என்றே வரும். ஒரு பிரதியில் மட்டும் திரிபு உள்ளவர்கள் இன்னும் பலர். அவர்களுக்கு எண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து தெரியும். எனவே இருவருடைய எண்ணை ஒப்பிட்டு யாருக்கு நோய் அதிகம் என்று சொல்ல முடியாது. இந்தத் திரிபு நம் பகுதிக்கு அந்நியமானதல்ல: தென்னிந்தியாவில் யானைக்கால் நோய்த்தொற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2001இல் வெளிவந்தது. மேலும் சார்காய்டோசிஸ், கருங்காய்ச்சல் (காலா-அசார்), தலசீமியா, நீமன்-பிக் நோய் ஆகியவற்றிலும் கைட்டோட்ரையோசிடேஸ் ஓரளவு உயரும். சிசிஎல்18 என்ற புரதத்தை 2004இல் இதே குழு மாற்றாக முன்வைத்தது. இயல்பைவிட 10 முதல் 50 மடங்கு உயரும், மேலே சொன்ன திரிபின் சிக்கலும் அதற்கு இல்லை. கைட்டோட்ரையோசிடேஸ் பூஜ்யமாக வருபவர்களுக்கு அது நல்ல மாற்று. ஆனால் அதுவும் செல்லின் எதிர்வினையைத்தான் அளக்கிறது, தேங்கிய பொருளை அல்ல.

தேங்கிய பொருளையே அளக்கலாமே என்று முதலில் தோன்றும். குளுக்கோசெரிப்ரோசைடை அளந்தவர்களுக்கு ஏமாற்றம் காத்திருந்தது. மண்ணீரலில் குவிந்து கிடக்கும் அந்த லிப்பிட் பிளாஸ்மாவில் இரண்டு மூன்று மடங்குதான் உயர்ந்திருந்தது. காரணம் எளியது: இயல்பான உடலும் அதைத் தயாரித்து லிப்போபுரதத் துகள்களில் ஏற்றி இரத்தத்தில் அனுப்பிக்கொண்டேயிருக்கிறது. அத்தோடு, குளுக்கோசெரிப்ரோசைடு என்பது ஒற்றைப் பொருளல்ல. அதில் இணையும் கொழுப்பு அமிலத்தின் நீளத்தைப் பொறுத்துப் பல வகைகள் உண்டு. எல்லாவற்றையும் தனித்தனியே அளந்து கூட்ட வேண்டும்.

விடை அந்த மூலக்கூறின் ஒரு பகுதியில் கிடைத்தது. லைசோசோமில் குளுக்கோசெரிப்ரோசைடு தேங்கும்போது, அங்கேயே உள்ள அமிலச் செராமிடேஸ் என்ற வேறொரு நொதி அதன் கொழுப்பு அமிலத்தை வெட்டியெடுக்கிறது. மிஞ்சுவது குளுக்கோசில்ஸ்பிங்கோசின், மருத்துவ வழக்கில் லைசோ-ஜிபி1. இப்படிக் கொழுப்பு அமிலத்தை இழந்த வடிவமே லைசோ லிப்பிட். கொழுப்பு அமிலச் சங்கிலியை இழந்துவிட்டதால் இது நீரில் ஓரளவு கரையும். ஆகவே செல்லைவிட்டு வெளியேறி இரத்தத்தில் கலக்கும். இயல்பானவர்களிடம் இந்தப் பாதைக்குத் தேவையே எழாததால் பிளாஸ்மாவில் மிகச் சொற்பமாகத்தான் இருக்கும். 2011இல் ஆர்ட்ஸின் குழு வெளியிட்ட அளவுகள்: முதலாம் வகை நோயாளிகள் 64 பேரில் இடைநிலை மதிப்பு லிட்டருக்கு 230.7 நானோமோல், ஒப்புக் குழுவின் 28 பேரில் 1.3 நானோமோல். நோயாளிகளில் மிகக் குறைந்தவருக்கு 15.6, நோயில்லாதவர்களில் மிக உயர்ந்தவருக்கு 2.7. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் எனக்கு அவர்கள் குறிப்பிட்ட சராசரி 200 மடங்கு உயர்வைவிட முக்கியமாகப் படுகிறது. சராசரி எவ்வளவு விலகியிருந்தாலும் ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்தால் தனி நோயாளிக்குப் பயனில்லை. இங்கே ஓரங்கள் கலக்கவில்லை.

இந்தச் சிந்தனைக்கு முன்னோடி உண்டு. கிராபே நோயில் சைக்கோசின், அதாவது கேலக்டோசில்ஸ்பிங்கோசின் தேங்கி நரம்பு உறையை அழிக்கிறது என்ற கருத்தைக் குனிஹிக்கோ சுசுகி 1972இலேயே முன்வைத்திருந்தார். ஆர்ட்ஸின் குழு 2008இல் ஃபாப்ரி என்ற மற்றொரு தேக்க நோயில், அங்கு தேங்கும் லிப்பிடின் லைசோ வடிவமான லைசோ-ஜிபி3 உயர்ந்திருப்பதைக் காட்டியது. ஃபாப்ரி எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோய். பெண்களிடம் நொதி அளவு இயல்பாகவே வந்துவிடக் கூடும் என்பதால் நொதிப் பரிசோதனை அங்கே பெருமளவு கைவிடுகிறது. அங்கும் லைசோ லிப்பிட் உதவுகிறது. ஆனால் கோஷே நோயில் உள்ள அளவுக்குத் தெளிவான இடைவெளி ஃபாப்ரியில் இல்லை. தாமதமாக வெளிப்படும் வகைகளிலும் சில பெண்களிலும் லைசோ-ஜிபி3 இயல்பை ஒட்டியே இருக்கும். ஒரு நோயில் சிறப்பாக வேலை செய்த குறியீட்டை அடுத்த நோய்க்கு அதே நம்பிக்கையோடு எடுத்துச் செல்லக் கூடாது.

லைசோ-ஜிபி1ஐ எந்த முறையில் அளப்பது என்பதும் ஒரு தெரிவுதான். கலவையின் பொருள்களை நகரும் வேகத்தைக் கொண்டு பிரிக்கும் நிறப்பிரிகை முறைகளில் மெல்லடுக்கு நிறப்பிரிகை மலிவானது. கண்ணாடித் தகட்டில் லிப்பிடுகள் பட்டைகளாகப் பிரிந்து நிற்பதைக் கண்ணால் காணலாம். திசுக்களில் பெருமளவு குவிந்த லிப்பிடைக் காட்ட அது போதும்; நானோமோல் அளவிலுள்ள லைசோ லிப்பிடுக்கு அது எட்டாது. உயர்திறன் திரவ நிறப்பிரிகையில், லைசோ லிப்பிடில் வெளிப்பட்டு நிற்கும் அமினோ தொகுதியோடு ஒளிரும் ஒரு பொருளை இணைத்து அளக்கலாம். தொடக்க கால அளவீடுகள் அப்படித்தான் நடந்தன. இப்போதைய தரம், திரவ நிறப்பிரிகையோடு இணைந்த இரட்டை நிறை நிறமாலைமானி, அதாவது மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு பிரித்து எண்ணும் கருவி.

இந்தக் கருவி உள்ள ஆய்வகம் என்றாலே முடிவு சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. கருவிக்குள் நடப்பது இது: அயனியாக்கப்பட்ட குளுக்கோசில்ஸ்பிங்கோசின் 462 என்ற நிறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறது, மோதவிட்டு உடைக்கும்போது சர்க்கரைப் பகுதியும் நீரும் கழன்று 282 நிறையுள்ள துண்டு கிடைக்கிறது, அந்தத் துண்டை எண்ணுகிறார்கள். கிராபே நோயின் சைக்கோசினும் இதே 462, இதே 282 தான். குளுக்கோசும் கேலக்டோசும் ஒரே எடை. நான்காவது கரிம அணுவில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி நோக்கும் திசை மட்டுமே வேறு. நிறையை மட்டும் பார்க்கும் கருவிக்கு இந்தத் திசை தெரியாது. வழக்கமான எதிர்நிலை நிறப்பிரிகைத் தூணில் இரண்டும் ஒன்றாகவே வெளியேறும். ஹிலிக் எனப்படும் நீர்நாட்டத் தூணில் மட்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிரிந்து வரும். கோஷே நோயாளியின் பிளாஸ்மாவைப் பொறுத்தவரை இது பெரிய பிழையை உண்டாக்காது; உயர்ந்திருப்பது பெரும்பாலும் குளுக்கோஸ் வடிவம்தான். ஆனால் நரம்புக் கோளாறோடு வந்த ஒரு கைக்குழந்தைக்கு, இரண்டையும் பிரிக்காமல் உயர்வு என்று எழுதித் தருவது மருத்துவரை வேறு நோயின் பக்கம் திருப்பிவிடும்.

பிரித்தெடுப்பும் கவனிக்க வேண்டியது. 1957இல் ஃபோல்ச் வகுத்த குளோரோஃபார்ம்-மெத்தனால் முறை இன்றும் லிப்பிட் ஆய்வின் முதற்பாடம். லிப்பிடுகள் கீழ் அடுக்கில் சேரும், நீரில் கரைபவை மேல் அடுக்கில் நிற்கும். லைசோ லிப்பிடோ இரண்டுக்கும் நடுவே ஊசலாடும் பொருள். கீழ் அடுக்கை மட்டும் எடுத்தால் கணிசமான பகுதி கைநழுவிப் போகலாம். அமிலத் தன்மையுள்ள கரைசலும் பியூட்டனாலும் கொண்டு பிரித்தெடுக்கும் வழியை லைடன் குழு கையாண்டதற்கு இதுவே பின்னணி. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இழப்பு இருக்கும் என்பதால், தொடக்கத்திலேயே கனமான கரிம ஐசோடோப்பு பொருத்திய அதே குளுக்கோசில்ஸ்பிங்கோசினைத் தெரிந்த அளவில் மாதிரியில் சேர்த்துவிடுகிறார்கள். உண்மையான பொருள் எவ்வளவு இழந்ததோ அதே விகிதத்தில் இதுவும் இழக்கும். இரண்டின் விகிதத்தை எடுத்தால் இழப்பு ஈடாகிவிடும். இந்த உள் ஒப்புப்பொருள் இல்லாமல் அல்லது வேறு வகை லிப்பிடை ஒப்பாக வைத்து எடுத்த எண்ணை நான் ஏற்கத் தயங்குவேன்.

லைசோ-ஜிபி1க்கு இன்னும் ஒரு நன்மை உண்டு. லிப்பிட் புரதத்தைப் போல வெப்பத்தில் எளிதில் சிதையாது. வடிதாளில் சொட்டி உலர்த்திய இரத்தத்தை உறையிலிட்டு அனுப்பினாலே அளக்கலாம். சென்னைக்கோ பெங்களூருக்கோ குளிர்பெட்டியில் இரத்தம் அனுப்ப வசதியற்ற ஊர்களுக்கு இது பெரிய வேறுபாடு. நொதியையும் உலர்ந்த இரத்தத்தில் அளக்க முடியும் என்றாலும், ஈரப்பதமும் வெப்பமும் அதைப் பாதிக்கும். குறைவு என்று வந்தால் வெள்ளையணுவில் மறுமுறை பார்த்தே ஆக வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கருவி விலை கூடியது, இயக்கப் பயிற்சி வேண்டும், எல்லா ஊர்களிலும் இல்லை. இரத்தத்தில் உள்ள அளவு மூளையின் நிலையைச் சொல்லாது. செலுத்தப்படும் நொதி மருந்து இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடக்காததால், மூன்றாம் வகையில் இரத்த எண் அழகாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே நரம்புக் கோளாறு முன்னேறக் கூடும். கடத்திகளைப் பிரித்தறியவும் இது பயன்படாது. எலும்பில் ஏற்கெனவே நேர்ந்த சேதம் எண் இறங்கியதால் சரியாகிவிடாது, அதற்கு எம்.ஆர்.ஐ. படம்தான் வேண்டும்.

இனி முடிவுக்கு வருவோம். ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் வழி இருக்கிறது என்றால், ஒப்பு நொதியோடு கூடிய வெள்ளையணு நொதி அளவீட்டையே தேர்ந்தெடுப்பேன். நோய் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு அதுவே ஏற்றுக்கொள்ளப்பட்ட விடை, செலவும் குறைவு. இரண்டாவதற்கும் வழி இருந்தால் பலரும் மரபணுவுக்குப் போகிறார்கள். நான் முதலில் லைசோ-ஜிபி1ஐ எடுக்கச் சொல்வேன். நொதி முடிவு ஐயத்துக்கு இடமானதாக இருந்தால் அது தீர்த்துவைக்கும். நொதி இயல்பாக வந்தும் அறிகுறிகள் கோஷேயையே காட்டினால் சாபோசின் குறைபாட்டை வெளிக்கொணரும். சிகிச்சைக்கு முந்தைய அளவாகவும் பதிவாகும். ஒரு செலவில் மூன்று பயன். மரபணு மூன்றாவது, ஆனால் நோயாளி சிறு குழந்தையாக இருந்தாலோ, கண் அசைவில் மாற்றம் தெரிந்தாலோ, பெற்றோர் அடுத்த குழந்தையை எதிர்பார்த்தாலோ அது இரண்டாம் இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

கைட்டோட்ரையோசிடேஸைக் கைவிட வேண்டியதில்லை. நிறை நிறமாலைமானிக்கு எட்டாத ஊரில், ஒருவருக்குத் தொடக்கத்திலேயே எண் உயர்ந்திருப்பது தெரிந்திருந்தால், அவருடைய சொந்த எண்ணை அவருடைய முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிட்டுச் சிகிச்சையைப் பின்தொடர அது தாராளமாகப் போதும். புதிதாக ஆய்வகம் அமைக்கும் கல்லூரிக்கும் இதே ஆலோசனைதான்: ஒளிர்வுமானியை முதலில் வாங்கி நொதியையும் கைட்டோட்ரையோசிடேஸையும் நம்பகமாகச் செய்யட்டும்; லைசோ லிப்பிடுக்கு உலர்ந்த இரத்தத்தை வெளியே அனுப்பட்டும். மாதம் சில மாதிரிகளுக்காக நிறை நிறமாலைமானியை வாங்கினால், அதைப் பழுதின்றி வைத்திருப்பதே தனி வேலையாகிவிடும். பச்சிளங்குழந்தைகளின் வளர்சிதைக் கோளாறுகளுக்காக அதே கருவி ஏற்கெனவே இருந்தால் நிலைமை வேறு. அப்போது செலவு ஒரு தூணுக்கும் ஐசோடோப்புப் பொருளுக்கும் மட்டுமே.

அறிக்கைகளை ஒப்பிடும்போது அலகைக் கவனிக்க வேண்டும். சில ஆய்வகங்கள் லைசோ-ஜிபி1ஐ நானோமோலிலும் சில மில்லிலிட்டருக்கு நானோகிராமிலும் தருகின்றன. லிட்டருக்கு 1 நானோமோல் என்பது மில்லிலிட்டருக்குச் சுமார் 0.46 நானோகிராம். சென்ற ஆண்டு 200 என்றும் இந்த ஆண்டு 92 என்றும் வந்தால் மருந்து பாதியாகக் குறைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன், ஆய்வகம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருக்கலாம். ஆகவே ஒரு நோயாளியை ஒரே ஆய்வகத்தில், ஒரே வகை மாதிரியில் தொடர்வது நல்லது. பிளாஸ்மாவில் தொடங்கியதை நடுவில் உலர்ந்த இரத்தத்துக்கு மாற்றக் கூடாது. மருந்தின் முதல் தவணைக்கு முன்பே ஒரு மாதிரி எடுத்து வைத்துவிட வேண்டும். சிகிச்சை தொடங்கிய பிறகு அந்த எண்ணை எந்தக் கருவியாலும் திரும்பப் பெற முடியாது.